லாவோஸ் ஸ்லோ போட்டில் போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

நவம்பர் கடைசியில் நாங்கள் ஆறு பேர் முதுகுப்பையோடு கிளம்புகிறோம். பாங்காக், சியாங் ராய், எல்லை தாண்டி லாவோஸின் ஹுவாய் சாய். அப்புறம் மேகாங் ஆற்றில் 2 நாள் படகு. இரவு பாக்பெங்கில் தங்கிவிட்டு மறுநாள் லுவாங் பிரபாங். அங்கிருந்து வியன்டியானுக்கு ரயில். கடைசி நாலு நாள் திரும்பவும் தாய்லாந்து, கடற்கரை. அந்தச் சமயம் கோ சாமுய் தீவில் மழை கொட்டும் என்பதால் அந்தமான் கடல் பக்கம் கோ லாந்தா தீவு.

பாக்பெங்கில் ஆறு பேருக்கு முன்கூட்டியே அறை போட வேண்டுமா, இறங்கியதும் பார்த்துக்கொள்ளலாமா? படகில் எஞ்சின் பக்கம் உட்கார்ந்தால் காது போய்விடும் என்கிறார்கள். முன்னால் இடம் பிடிக்க எத்தனை மணிக்குத் துறைக்குப் போகணும்?

பெரிய தலைவலி சாப்பாடு. எங்களில் ஒருத்தி சுத்த சைவம். போன தடவை பாங்காக்கில் சைவம்தான் என்று சொல்லி நீட்டிய பப்பாளிக்காய் சாலட்டைக் கிளறினால், அடியில் கண்ணோடு நாலு காய்ந்த இறால்! தாய்லாந்தில் 'ஜே' (சுத்த சைவம்) என்றால் புரிந்துகொள்கிறார்கள். லாவோஸில்தான் பாடேக் என்ற மீன் ஊறல் எதில் இருக்கும், எதில் இருக்காது என்றே பிடிபடவில்லை. அது வேண்டாம் என்பதை லாவோ மொழியில் எப்படிச் சொல்வது? எழுதிக் காட்டுகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.