மிலிட்டரி கேம்ப்புக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாபநாசம் அம்மா

போன மே மாதம் என் மகனை, அடங்காத பிள்ளைகளை மிலிட்டரி மாதிரி பயிற்சி கொடுத்துத் திருத்துகிறோம் என்று நடத்தும் 21 நாள் முகாமில் விட்டோம். பத்தாம் வகுப்பு. மூன்று மாதமாகப் பள்ளிக்கே போகவில்லை, போனைப் பிடுங்கினால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். முகாம் எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்கும் தெரியும். கொள்ளிடக் கரையில் தென்னந்தோப்பு, பச்சைப் புள்ளி போட்ட சட்டை, விசில், முதல் பத்து நாள் பெற்றோர் பேசவே கூடாது. பதினோராம் நாள் போய்ப் பார்த்தேன், அன்றே கூட்டி வந்துவிட்டேன். செருப்பில்லாமல் ஓடவிட்டதில் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அது ஆறிவிட்டது.

ஆறாதது வேறு. அங்கே வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பையன், 13 வயது இருக்கும், என் மகனின் பெட்டியை வேன் வரை தூக்கி வந்தான். என்னிடம் கொடுக்கும்போது கைப்பிடியோடு சேர்த்து ஒரு அட்டைத் துண்டையும் என் கைக்குள் வைத்து அழுத்தினான். வாயைத் திறக்கவில்லை. திருவையாறு தாண்டிய பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். பிஸ்கட் டப்பாவின் உள்பக்கம் பென்சிலில் ஒரு போன் நம்பர், கீழே "அம்மாவ வரச் சொல்லுங்க". நம்பரில் ஒன்பது எண்தான் இருந்தது.

கடைசியில் 0 முதல் 9 வரை வைத்துப் பத்துத் தடவை அடித்துப் பார்த்தேன். ஒருவரும் அந்தப் பையனின் அம்மா இல்லை. பெயர் என் மகனுக்கும் தெரியாது. அங்கே எல்லாரையும் எண் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். அவன் பதினேழு.

மன்னார்குடி ஹவில்தார்

அம்மா, ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இதை மிலிட்டரி என்று சொல்லாதீர்கள். 22 வருடம் பட்டாளத்தில் இருந்தவன் நான். சிப்பாயாகச் சேரவே பதினேழரை வயது ஆக வேண்டும், அதற்கும் முன்னால் முழு மருத்துவப் பரிசோதனை உண்டு. 13 வயதுப் பிள்ளையைக் கத்திரி வெயிலில் ஓடவிடுவது எந்தப் படையிலும் கிடையாது.

ஓய்வு பெற்ற வருடம் ஒரு முகாமுக்குப் பயிற்சியாளராகக் கூப்பிட்டார்கள். நாலாவது நாள் காலை பதினொரு மணி இருக்கும். கொஞ்சம் குண்டான பையன் ஒருவன் ஏழாவது சுற்றில் தடுமாறி விழுந்தான். நடத்துகிறவர், "நடிக்கிறான், எழுப்பு" என்றார். கழுத்தில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. ஏதோ உளறுகிறான். வெயிலில் விழுந்தவன் உளறினால் சூடு மூளையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பக்கத்து வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடித் தொட்டியில் கழுத்து வரை இறக்கி, தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயல்காரர் 108க்கு அடித்தார். பையன் பிழைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் நடத்துகிறவர் அவன் அப்பாவிடம் போனில், "காலையில சாப்பிடல, லேசான மயக்கம்" என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் போனை வாங்கிப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

திருவாரூர் நர்ஸ்

ஹவில்தார் சார் சொன்ன அந்த "நடிக்கிறான்" என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் புளோரிடாவில் இதே மாதிரி அரசு முகாமில் மார்ட்டின் லீ ஆண்டர்சன் என்ற 14 வயதுப் பையன், 2006 ஜனவரியில், சேர்ந்த முதல் நாளே ஓட முடியாமல் நின்றுவிட்டான். காவலர்கள் அமுக்கிப் பிடித்து, மூக்கில் அம்மோனியா வைத்தார்கள். மறுநாள் இறந்துவிட்டான். முதல் பிரேதப் பரிசோதனை அவன் ரத்தத்திலேயே இருந்த குறை என்றது. இரண்டாவது பரிசோதனை மூச்சு அடைபட்டது என்றது. அந்த மாநிலம் அதே வருடம் இப்படிப்பட்ட முகாம்களை மூடச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கில் எல்லாரும் 2007இல் விடுதலையானார்கள். அந்த வீடியோவில் ஒரு நர்ஸும் நிற்கிறார். அதைப் பார்த்த பிறகு பல நாள் தூங்கவில்லை நான்.

எங்கள் வார்டுக்கு ஒரு இரவு 15 வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். 500 உக்கி போடச் சொல்லியிருக்கிறார்கள். தொடை கல்லாக வீங்கியிருந்தது, சிறுநீர் கடுங்காப்பி நிறம். தசை உடைந்து ரத்தத்தில் கலந்தால் அப்படித்தான் வரும், சிறுநீரகம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. டிரிப்ஸ் போடும்போது என் கையைப் பிடித்து அவன் கேட்டது ஒன்றுதான்: "சரியாயிட்டா திரும்ப அங்கேயே அனுப்புவாங்களா?"

பட்டுக்கோட்டை அப்பா

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். என் பையன் கஞ்சா வரை போனவன். இரண்டு டாக்டரிடம் காட்டினேன், சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் பார்த்தேன். முகாமுக்குப் போய் வந்த பிறகு ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறான், எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தேடிப் பஸ் ஸ்டாண்டில் நின்றவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

கும்பகோணம் தம்பி

அண்ணே, உங்கள் வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நானும் போய் வந்து ஆறு மாதம் எதிர்த்துப் பேசவில்லை. திருந்தியதால் இல்லை. வீட்டில் எதைச் சொன்னாலும் திரும்ப அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் எதையுமே சொல்வதில்லை. உங்கள் பையன் வாயே திறக்காமல் இருந்தால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

எனக்கு மறக்காதது பூட்டுச் சத்தம். ஷெட்டில் 26 பேர், ஒரே கதவு, வெளியிலிருந்து பூட்டு. ஒரு ராத்திரி கொசுவர்த்தி சாய்ந்து பாய் பற்றிக்கொண்டது. குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்தோம். சாவி வைத்திருந்தவர் வர முக்கால் மணி நேரம் ஆனது. 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீயில் இழந்த ஊர் எங்கள் ஊர். எல்லாப் பெற்றோருக்கும் அது தெரியும். ஆனால் முகாமில் விடும்போது, ராத்திரி கதவு எந்தப் பக்கம் பூட்டப்படும் என்று என் அப்பா கேட்கவில்லை.

வலங்கைமான் அக்கா

என் தங்கை மகளை ஒரு முகாமுக்கு அனுப்பப் பணம் கட்டிவிட்டு, பெண் பிள்ளைகளுக்குப் பெண் காப்பாளர் கிடையாது என்று தெரிந்து நிறுத்தினோம். என் அனுபவம் அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பள்ளிக்குள்ளேயே போலி என்சிசி முகாம் நடத்திச் சிறுமிகளிடம் பாலியல் கொடுமை செய்தது நினைவிருக்கிறதா? யூனிஃபார்மையும் விசிலையும் பார்த்துப் பள்ளியே நம்பியது. என்சிசி, ராணுவம் என்று யாராவது சொன்னால் அந்த அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள். பிள்ளைகளை இரவு தங்க வைப்பவர்களிடம், விடுதிகளுக்கான 2014 தமிழ்நாடு சட்டப்படி கலெக்டர் உரிமம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். நகலைக் காட்டத் தயங்கினால் திரும்பிவிடுங்கள். பிள்ளையோடு தினம் பேச விட மாட்டோம் என்றாலும் திரும்பிவிடுங்கள். ஆற்றில் குளிக்க வைப்பார்களா என்று கேளுங்கள். மணல் அள்ளிய குழி கொள்ளிடத்தில் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. அடித்தார்கள், கொடுமைப்படுத்தினார்கள் என்றால் சிறார் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்பவரே செய்தால் ஐந்தாண்டு வரை சிறை. பாலியல் குற்றம் என்றால் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் சொல்லியே ஆக வேண்டும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் அது கட்டாயம்.

பாபநாசம் அம்மா, பெயர் தெரியாவிட்டாலும் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடலாம். இடமும் தேதியும் சொன்னால் போதும். வருடம் ஆகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம்.

பாபநாசம் அம்மா

கூப்பிட்டேன் அக்கா. பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். முந்தாநாள் ஆள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். தோப்பு பூட்டிக் கிடக்கிறதாம், கோடை லீவுக்கு மட்டும்தான் நடக்கும் என்று காவல்காரர் சொன்னாராம். சேர்ந்தவர்களின் பதிவேட்டைக் கேட்டு நோட்டீஸ் அனுப்புகிறோம் என்றார்கள்.

இன்று அந்த அட்டையை மறுபடி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நான்காவது எண்ணுக்கும் ஐந்தாவது எண்ணுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் கூடுதலாக இருக்கிற மாதிரி தெரிகிறது. நாளைக்கு அந்த இடத்தில் 0 முதல் 9 வரை வைத்து அடித்துப் பார்க்கப்போகிறேன்.