தாலுகாவையும் சேர்த்து அனுப்புவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்கு வரவுப் பதிவு போடும் வெப் பக்கம் செய்கிறேன். ஊர்ப் பெயரில் இரண்டெழுத்து அடித்தால் கீழே பட்டியல் விழ வேண்டும்; அதற்கு ஜேகுவெரி யூஐ என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் ஆட்டோகம்ப்ளீட்தான். பக்கத்திலேயே தாலுகா டிராப்டவுன்.

முதலில் பட்டியலைக் கொண்டுவரும் சோர்ஸ் முகவரியோடு தாலுகாவை ஒட்டிவிட்டேன். பக்கம் திறந்தபோது இருந்த பர்கூர் அப்படியே தங்கிவிட்டது. போச்சம்பள்ளிக்கு மாற்றினாலும் சர்வருக்குப் போவது பர்கூர்தான்! அந்த முகவரி ஒரே தடவைதான் உருவாகிறது என்று புரியவே அரை நாள் போயிற்று. அப்புறம் சோர்ஸை ஃபங்ஷனாக்கி, ஏஜாக்ஸில் (பக்கத்தை மறுபடி திறக்காமலே சர்வரைக் கேட்கும் வழி) டெர்மோடு, அதாவது அடித்த எழுத்துகளோடு, தாலுகாவையும் அந்தந்த நேரம் எடுத்து அனுப்பினேன். சரியாகிவிட்டது.

இப்போது சிக்கல் வேறு. ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள், ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு தாலுகா. எந்த வரியில் அடித்தாலும் முதல் வரியின் தாலுகாவே போகிறது. கூப்பிட்டது எந்தப் பெட்டி என்று ஃபங்ஷனுக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது? கூப்பிட்டதைக் காட்டும் என்று 'திஸ்' போட்டுப் பார்த்தால், பெட்டிக்குப் பதிலாக பிரவுசரின் விண்டோ வந்து நிற்கிறது. ஏரோ ஃபங்ஷனாக (=> குறி போட்ட சுருக்க வடிவில்) எழுதியதுதான் காரணமா?

தெரிந்தவர்கள் நாலு வரி கோடு போட்டால் போதும். செந்தூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டது, மண்டிக்காரர் தினமும் போன் போடுகிறார்.