சித்தப்பாவுக்கு எந்த வலை?

குழு: ஆலமரத்தோட்டத்துக் குடும்பம், கரூர்

காலை 6:10
கோமதி அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) "குடலிறக்க அறுவைக்கு வைக்கும் பிளாஸ்டிக் வலையை அமெரிக்காவில் தடை செய்துவிட்டார்கள். இங்கே மட்டும் நம் வயிற்றில் வைத்துத் தைக்கிறார்கள். உங்கள் உறவுகளுக்கு உடனே அனுப்புங்கள்."

கோமதி அத்தை: துரை, இதைப் படித்துவிட்டு அதன்பிறகு அறுவைக்கு நாள் குறி.

காலை 6:18
மல்லிகா சித்தி: அண்ணி, இவர் ஏற்கெனவே சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறார். விடிவதற்குள் நீங்களே ஒன்றைக் கொடுத்துவிட்டீர்கள்.

துரைசாமி சித்தப்பா: நான் சாக்குத் தேடவில்லை. தடை செய்த பொருளை என் உடம்பில் எதற்காக வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தேன்மொழி: அம்மா, அந்தத் தடை வேறு வலைக்கு. ஆபரேஷன் தியேட்டர் பணி முடிந்ததும் எழுதுகிறேன்.

காலை 7:02
பழனிசாமி பெரியப்பா: தேன்மொழி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நான் சொல்கிறேன். 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விற்பனையை நிறுத்தச் சொன்னது, பெண்களுக்குக் கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழிறங்கும்போது பிறப்புறுப்பின் வழியாகப் பொருத்தி வந்த வலையை. துரைக்கு வந்திருப்பதோ தொடை இடுக்கில். அந்த அறுவைக்கான வலையை அங்கே யாரும் தடை செய்யவில்லை. ஆனால் குடலிறக்க வலைகளின் மீதும் அங்கே ஏராளமான வழக்குகள் நடந்தன என்பதையும், வயிற்றுச் சுவர் இறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) மூலம் வைத்து வந்த ஒரு வலை, டென்மார்க், ஜெர்மனி நாட்டுப் பதிவேடுகளில் மீண்டும் மீண்டும் இறக்கம் வந்ததாகத் தெரிந்ததால் 2016-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது என்பதையும் மறைக்க மாட்டேன். ஆகவே எல்லா வலையும் ஒன்றல்ல என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விக்னேஷ்: ஓகே.

பழனிசாமி பெரியப்பா: இந்தக் குழுவில் முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்பது அப்பாருவின் விதி. அவர் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

விக்னேஷ்: மன்னியுங்கள் பெரியப்பா. எனக்குப் புரிந்தது என்று எழுதியிருக்க வேண்டும். சர்ஜன் மூன்று வகை வலைகளைச் சொல்லி, எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வரச் சொன்னார். சாதாரணம், எடை குறைந்தது, ஒரு பக்கம் பூச்சுள்ளது. விலையும் அந்த வரிசையிலேயே ஏறுகிறது. விலை அதிகமானால் தரமும் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

காலை 7:25
பழனிசாமி பெரியப்பா: எடுத்துக்கொள்ளக் கூடாது. வலைத் துணி பின்னும் இராஷல் இயந்திரத்தில் கொசுவலை ஓட்டியே தலை நரைத்தவன் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன். மருத்துவமனையில் வைக்கும் வலையும் அடிப்படையில் பாவு நூலில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், பின்னிய துணிதான். நெய்த துணியை வெட்டினால் ஓரம் பிரியும், இப்படிப் பின்னியதை வெட்டினால் பிரியாது, அதனால்தான் சர்ஜன் தேவையான அளவுக்குக் கத்தரித்துக்கொள்ள முடிகிறது. நாம் துணி வாங்கும்போது பார்க்கும் அதே மூன்றை இங்கேயும் பார்க்க வேண்டும்: எந்த நூல், எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), வலையின் கண், அதாவது துளை, எவ்வளவு பெரியது. நூல் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த சர்ஜன் பிரான்சிஸ் அஷர் 1958-இல் பாலிஎத்திலீன் வலையைப் பற்றி எழுதினார், சில ஆண்டுகளில் பாலிப்ரொப்பிலீனுக்கு மாறினார். பழைய கனமான வலைகள் சதுர மீட்டருக்கு 80 முதல் 100 கிராம், அதற்கும் மேல். எடை குறைந்தவை 35 முதல் 50 கிராம். நூல் ஒற்றை இழையாக இருப்பது நல்லது. பல இழைகளை முறுக்கிய நூலில் இழைகளுக்கு நடுவே கிருமி புகுந்துகொள்ளும், அதைத் தேடிக் கொல்ல வேண்டிய அணுக்கள் உருவத்தில் பெரியவை என்பதால் அந்த இடுக்கில் நுழைய முடியாது.

கோமதி அத்தை: அந்த இராஷல் இயந்திரத்தை யார் விற்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் அண்ணா.

துரைசாமி சித்தப்பா: அக்கா, அதை இன்றைக்கு எடுக்க வேண்டாம்.

காலை 7:40
மல்லிகா சித்தி: மாமா, எனக்கு ஒரே சந்தேகம். கனமான வலை என்றால் உறுதியாக இருக்கும் அல்லவா? இவர் பாவு பீம் (தறிக்கான நூல் சுற்றிய கனமான உருளை) தூக்குகிறவர்.

பழனிசாமி பெரியப்பா: நியாயமான கேள்வி, ஆனால் விடை நீ நினைப்பதற்கு நேர்மாறானது. இருமும்போதும் குதிக்கும்போதும் வயிற்றுச் சுவரில் விழும் இழுவையைக் கணக்கிட்டு, சென்டிமீட்டர் அகலத்துக்கு 16 நியூட்டன் (விசையின் அளவு) தாங்கினால் போதும் என்று ஜெர்மனியின் ஆகன் நகரத்து ஆய்வாளர்கள் சொன்னார்கள். பழைய வலைகள் அதைப்போலப் பல மடங்கு தாங்கின. அந்தக் கூடுதல் உறுதியால் நோயாளிக்குப் பயன் இல்லை; கூடுதல் பிளாஸ்டிக் உள்ளே கிடந்ததுதான் மிச்சம். அதே ஆகனில் ஷும்பெலிக், கிளிங்கே, குளோஸ்டர்ஹால்ஃபென் ஆகியோர் நோயாளிகளின் உடலிலிருந்து திரும்ப எடுத்த வலைகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கண் சிறியதாக இருந்த வலைகளில், ஒவ்வொரு இழையைச் சுற்றியும் உருவான தழும்பு பக்கத்து இழையின் தழும்போடு ஒட்டி, கண்ணையே அடைத்து, மொத்தமும் ஒரே தகடாக விறைத்திருந்தது. பாலிப்ரொப்பிலீனில் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இந்த ஒட்டுதல் குறைகிறது, நடுவில் கொழுப்பும் இரத்தக் குழாயும் வளர இடம் கிடைக்கிறது. பெரிய கண் உள்ள, எடை குறைந்த வலை என்ற எண்ணமே இதிலிருந்துதான் பிறந்தது.

பழனிசாமி பெரியப்பா: மல்லிகா, நம் வீடு கட்டும்போது செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்துப் பூசினார்களே, நினைவிருக்கிறதா? விரிசல் விடாமல் பிடித்திருப்பது கம்பி மட்டும் அல்ல, கண் வழியே புகுந்து இரண்டு பக்கமும் பற்றிய பூச்சும்தான்.

மல்லிகா சித்தி: அந்தச் சுவரிலும் விரிசல் விட்டதே மாமா.

பழனிசாமி பெரியப்பா: அது கொத்தனாரின் தவறு.

காலை 9:15
தேன்மொழி: இப்போதுதான் வெளியே வந்தேன். பெரிய மாமா துணியைப் பற்றி எழுதியது சரி. உடம்பைப் பற்றி நான் எழுதுகிறேன். வலை வைத்த சில நிமிடங்களில் இரத்தத்தின் புரதங்கள் அதன்மேல் படிகின்றன. அடுத்து வெள்ளணுக்கள், பிறகு அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோபேஜ் அணுக்கள் வருகின்றன. நூலை விழுங்க முடியாமல் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய அணுக்களாகி, அதைச் சுற்றியே தங்கிவிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்து எடுத்த வலைகளிலும் அவை இருந்தன.

தேன்மொழி: பிறகு நார்த்திசு அணுக்கள் திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை இடுகின்றன. முதலில் வருவது மெல்லிய மூன்றாம் வகை, நாளடைவில் அந்த இடத்துக்கு வலுவான முதல் வகை வரும். குடலிறக்கம் உள்ளவர்கள் பலரிடம் இந்த முதல் வகையின் பங்கு இயல்பாகவே குறைவு என்பதையும் கண்டிருக்கிறார்கள். அதனால் பலவீனமான திசுவை இழுத்துத் தைப்பதை மட்டும் நம்ப முடிவதில்லை.

தேன்மொழி: புகை பிடிப்பவர்களுக்கு இறக்கம் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். துரை மாமா இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

துரைசாமி சித்தப்பா: நான் குறைத்துவிட்டேன்.

மல்லிகா சித்தி: தறிக்கூடத்துக்குப் பின்னால் போய் மட்டும் குறைக்கவில்லை.

காலை 9:31
கோமதி அத்தை: தேனு, இழுத்துத் தைப்பதை மட்டும் நம்ப முடியாது என்கிறாயே. உன்னைப் பெற்ற தழும்பில் எனக்கு இறக்கம் வந்தபோது தையல் மட்டும்தானே போட்டார்கள்? அது திரும்பி வந்து, மறுபடியும் கத்தி வைத்தார்கள். அப்போது வலை என்று ஒன்று இருப்பதாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. உடன் இருக்கவும் யாரும் வரவில்லை.

தேன்மொழி: அது அறுவைத் தழும்பில் வரும் இறக்கம் அம்மா, மாமாவுக்கு வந்தது வேறு. நெதர்லாந்தில் அந்த வகையை ஒப்பிட்டுப் பார்த்து, 2004-இல் பத்தாண்டு முடிவை வெளியிட்டார்கள். தையல் மட்டும் போட்டவர்களில் 63 விழுக்காட்டினருக்குத் திரும்பி வந்தது. வலை வைத்தவர்களில் 32 விழுக்காடு.

கோமதி அத்தை: அப்படியானால் வலை வைத்தாலும் மூன்றில் ஒருவருக்குத் திரும்பி வருகிறது. பழனி அண்ணா இதை எழுதவே இல்லை.

பழனிசாமி பெரியப்பா: துரைக்கு வந்த வகையை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தேன். தொடை இடுக்கு இறக்கத்தில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் லிக்டென்ஸ்டைன் என்ற சர்ஜன் 1984 முதல், திசுவை இழுக்காமல் வலையைத் தட்டையாக வைக்கும் முறையைக் கையாண்டு, 1989-இல் ஆயிரம் பேரின் முடிவை எழுதினார். வெட்டித் திறந்து செய்யும் அறுவையில் இன்றைக்கும் உலகெங்கும் பெரும்பாலும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். கோமதி, உன் அறுவையின்போது நான் வராததற்குக் காரணம் உனக்குத் தெரியும்.

கோமதி அத்தை: தெரியும். வருத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

காலை 9:50
விக்னேஷ்: எடை குறைந்த வலைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

தேன்மொழி: 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிகள் தொடை இடுக்குக்கு வலையையே பரிந்துரைக்கின்றன. எடை குறைந்ததில் தொடக்கத்தில் வலியும் உறுத்தலும் சற்றுக் குறையலாம், நீண்ட நாளில் பெரிய வேறுபாடு இல்லை என்பதே அதன் சாரம். பூச்சுள்ள வலை, குடல் நேரடியாகத் தொடும் இடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கானது. மாமாவுக்கு லேப்ராஸ்கோப்பி இல்லாமல் திறந்த முறையில் செய்தால் அது தேவைப்படாது.

பழனிசாமி பெரியப்பா: எடையை மட்டும் கேட்டுவிட்டு வராதே விக்னேஷ், கண்ணின் அளவைக் கேள். ஒரே எடையில் சிறிய கண்ணும் பின்னலாம், பெரிய கண்ணும் பின்னலாம். விலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சா ஊரில் டோங்காவ்ங்கர் என்ற மருத்துவர் கொசுவலைத் துணியையே கிருமி நீக்கி ஏழைகளுக்கு வைத்து, அதன் முடிவை 2003-இல் வெளியிட்டார். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களைப் பிரித்து, பாதிப் பேருக்குக் கொசுவலை, மீதிப் பேருக்கு விலையுயர்ந்த வலை என்று வைத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் கொசுவலை வைத்தவர்களில் ஒருவருக்குத்தான் திரும்பி வந்தது, மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. 2016-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அந்தக் கொசுவலை எங்கே செய்தது தெரியுமா? நம் கரூரில்.

துரைசாமி சித்தப்பா: அப்படியானால் குடோனில் கிடக்கும் பழைய சுருளிலிருந்தே வெட்டிக்கொள்ளலாமே. விற்ற இயந்திரத்தின் நினைவாகவும் இருக்கும்.

தேன்மொழி: வேண்டவே வேண்டாம் மாமா. அது பூச்சிமருந்து ஏற்றாத வலை, முறைப்படி கிருமி நீக்கியது, வாங்க வழியில்லாத இடத்துக்காகச் சோதித்தது.

பழனிசாமி பெரியப்பா: நம் குடோனில் இருப்பதில் எலிப் புழுக்கைதான் அதிகம்.

காலை 10:08
துரைசாமி சித்தப்பா: இப்போது பெரிய வலி இல்லை. ஆவணியில் கயலின் கல்யாணம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாமா?

கயல்விழி: சித்தப்பா, என் கல்யாணத்தைக் காரணமாக்காதீர்கள்.

தேன்மொழி: வலி இல்லாவிட்டால் காத்திருப்பது தவறில்லை. 2006-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 720 ஆண்களைப் பார்த்தார்கள். காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசரமானது ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் இரண்டே ஆண்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வலி தாங்காமல் அறுவைக்கு வந்துவிட்டார்கள். பீம் தூக்கும்போது உங்களுக்கு வலிக்கிறதா, இல்லையா?

துரைசாமி சித்தப்பா: தூக்கும்போது மட்டும் வலிக்கிறது.

மல்லிகா சித்தி: தினமும் தூக்குகிறார்.

கோமதி அத்தை: ஆடி பிறப்பதற்கு முன்பே முடித்துவிடு துரை. தடை என்று நான் அனுப்பியதை மறந்துவிடு. ஆனால் வைக்கப்போகும் வலையின் பெயர் எழுதிய ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள். எனக்கு அப்படி ஒன்றும் தரவில்லை, இரண்டாவது முறை போனபோது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் விழித்தேன்.

தேன்மொழி: அம்மா சொல்வது மிகவும் சரி. விக்னேஷ், அந்தச் சீட்டைப் படம் பிடித்து இங்கேயே போடு.

விக்னேஷ்: வியாழன் காலை சர்ஜனைப் பார்க்க டோக்கன் போட்டிருக்கிறேன். நான் பெங்களூருவிலிருந்து புதன் இரவு கிளம்புகிறேன். அறுவையன்று உடன் இருப்பது யார்?

பழனிசாமி பெரியப்பா: நான் இருப்பேன்.

கோமதி அத்தை: நான்தான் இருப்பேன். நீங்கள் சர்ஜனுக்கே பின்னல் பாடம் நடத்துவீர்கள்.

துரைசாமி சித்தப்பா: வியாழன் காலை பாவு ஏற்ற ஆள் வருகிறது. டோக்கனை வெள்ளிக்கு மாற்ற முடியுமா கண்ணு?