பத்து நிமிடம் செத்துக் கிடக்கும் போர்ட்: ஐநெட்டி, சிஸ்டம்டி அனுபவங்கள்

பொம்மசந்திராவிலிருந்து:

பெங்களூரு பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையின் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. அங்குள்ள தரப் பரிசோதனைக் கருவிகள் அளக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் நெட்வொர்க்கில் ஒரு டிசிபி இணைப்பைத் திறந்து, ஒரு வரி அளவை அனுப்பி, 'ஓகே' என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு இணைப்பை மூடிவிடும். மறுமுனையில் இருப்பது சி மொழியில் எழுதிய மிகச் சிறிய நிரல். அதற்குப் போர்ட் (ஒரு சேவைக்கு உரிய எண்), சாக்கெட் (இணைப்பின் முனை) எதுவும் தெரியாது. ஸ்டாண்டர்ட் இன்புட்டில் வருவதைப் படிக்கும், ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் பதிலை எழுதும், முடிந்துவிடும். மற்ற எல்லாவற்றையும் ஐநெட்டி பார்த்துக்கொள்ளும். 1986-இல் 4.3 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்புடன் வந்த டீமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், அது. பல போர்ட்களில் தான் ஒருவனே காத்திருந்து, இணைப்பு வந்ததும் ஃபோர்க் செய்து (தன் நகலை உருவாக்கி), அந்தச் சாக்கெட்டை ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட், எரர் எனும் 0, 1, 2 ஆகிய மூன்று டிஸ்கிரிப்டர்களிலும் பொருத்தி, கன்ஃபிக் வரியில் சொன்ன பயனராக மாறி, உரிய நிரலை எழுப்பிவிடும்.

ஷிஃப்ட் மாறும் வேளைகளில் மட்டும் இந்தச் சேவை அறுந்துபோவதாகப் புகார் வந்தது. ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகும் பராமரிப்பு மேற்பார்வையாளர், "பத்து நிமிஷம் விட்டா அதுவே வந்துடும் சார், சுவிட்ச்தான் சூடாகுது" என்று உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னதில் காரணம் தவறு, கவனிப்பு மிகச் சரி. கருவிகளின் திரையில் தெரிந்தது 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்ற செய்தி. சுவிட்ச் படுத்திருந்தால் பதிலே வராமல் நேரம் கடந்திருக்கும். மறுப்பு வருகிறது என்றால் சர்வர் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, அந்தப் போர்ட்டில் காத்திருக்க மட்டும் ஆளில்லை. சர்வரின் பதிவேடான சிஸ்லாகைப் பார்த்தபோது, நிரல் லூப் ஆகிறது, ஆகவே சேவை நிறுத்தப்பட்டது என்ற பொருளில் ஐநெட்டியே ஒரு வரி எழுதி வைத்திருந்தது.

நாங்கள் பயன்படுத்திய டெபியனின் ஓப்பன்பிஎஸ்டி ஐநெட்டியில், ஒரே சேவை ஒரு நிமிடத்திற்குள் 256 முறைக்கு மேல் எழுப்பப்பட்டால், அந்த நிரல் தொடங்கியதும் செத்துச் செத்து விழுகிறது என்று முடிவுகட்டி, ஐநெட்டி அந்தப் போர்ட்டை மூடிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திறக்கும். கருவிகளோ ஷிஃப்ட் முடிவில் தேக்கிவைத்த அளவுகளை எல்லாம், அளவுக்கு ஓர் இணைப்பாக, ஒரே மூச்சில் கொட்டுகின்றன. உண்மையான சுமைக்கும் பழுதான நிரலுக்கும் வேறுபாடு காண ஐநெட்டிக்கு வழியில்லை; அது எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. கன்ஃபிக் வரியில், எழுப்பிய நிரல் முடியும் வரை காத்திராதே என்று பொருள்படும் 'நோவெயிட்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து 2000 என்று எழுதி, கன்ஃபிக்கை மறுபடி படிக்கச் சொல்லும் ஹப் சிக்னலை ஐநெட்டிக்கு அனுப்பியதும் அறுபடுவது நின்றது.

பிறகு அந்தச் சர்வரை மாற்றும் காலம் வந்தபோது லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சாக்கெட் யூனிட்டுக்கு (போர்ட்டில் காத்திருக்கச் சொல்லும் கன்ஃபிக் கோப்பு) போனோம். 'அக்செப்ட்' என்பதற்கு 'யெஸ்' என்று கொடுத்தால், இணைப்புக்கு ஒரு நிரல் என்ற பழைய ஐநெட்டி முறை அப்படியே கிடைக்கும். சர்வீஸ் கோப்பின் பெயர் மட்டும் அட் (@) குறியுள்ள டெம்ப்ளேட்டாக (இணைப்புதோறும் நகலாகும் மாதிரி) இருக்க வேண்டும், ஸ்டாண்டர்ட் இன்புட்டைச் சாக்கெட் என்று குறிக்க வேண்டும். சி நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பழைய ஏற்பாட்டின் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

ஆனால் நாங்கள் நிறுவிய பதிப்பின் இயல்பு வரம்புகள் இங்கே வேறு, அவற்றின் விளைவு இன்னும் கடுமை. ஒரே நேரத்தில் 64 இணைப்புகளுக்கு மேல் வந்தால் மிகுதியானவை மறுக்கப்படும்; அது பரவாயில்லை, கருவி மறுபடி முயலும். இரண்டு விநாடிக்குள் 200 முறைக்கு மேல் எழுப்ப நேர்ந்தாலோ, அந்தச் சாக்கெட் யூனிட் தோல்வி நிலைக்குப் போய், யாராவது கையால் மறுபடி தொடங்கும் வரை திரும்பாது. ஐநெட்டி பத்து நிமிடத்தில் தானாக மன்னித்துவிடும், சிஸ்டம்டி மன்னிக்காது. இரவு ஷிஃப்டில் ஆளில்லாத ஆலைகளில் இந்த 200 என்ற வரம்பை மாற்றும் 'ட்ரிகர்லிமிட்பர்ஸ்ட்' அளவை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது நல்லது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐநெட்டியின் கீழ், நிரல் பிழைச் செய்திகளை எழுதும் ஸ்டாண்டர்ட் எரரும் சாக்கெட்டுக்கே போகும். வட்டு நிரம்பிய ஒரு நாளில் நிரல் எழுதிய எச்சரிக்கை கருவிக்குப் போய்ச் சேர்ந்து, கருவி அதையே பதிலாக எடுத்துக்கொண்டு குழம்பியது. புதிய சர்வீஸ் கோப்பில் ஸ்டாண்டர்ட் எரரைச் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலுக்கு என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டோம்.

ஜாலஹள்ளியிலிருந்து:

மேலே நண்பர் 'நோவெயிட்' பற்றி எழுதியதால், 'வெயிட்' பற்றிய என் அனுபவத்தைத் தருகிறேன். ஒரு பயிற்சிக் கூடத்தில் மாணவர்களின் கணினிகள் நெட்வொர்க் வழியாகப் பூட் ஆவதற்கு கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபி சேவை தேவைப்பட்டது; அதை ஐநெட்டியின் வேலையையே செய்யும் எக்ஸ்ஐநெட்டி எழுப்ப வேண்டும். எங்களுக்கு முன் அங்கே வேலை செய்த ஒப்பந்ததாரர், டிசிபி சேவை ஒன்றின் கோப்பை நகலெடுத்து, 'வெயிட்' என்பதற்கு 'நோ' என்றே விட்டுவைத்திருந்தார். டிஎஃப்டிபி யுடிபியில் போர்ட் 69-இல் இயங்குவது. அங்கே தனித்தனி இணைப்பு என்று எதுவும் இல்லை. காத்திருக்கும் சாக்கெட்டையே நிரலிடம் ஒப்படைத்துவிட்டு, அது முடியும் வரை எக்ஸ்ஐநெட்டி ஒதுங்கியிருக்க வேண்டும். ஒதுங்காவிட்டால், எழுப்பிய நிரல் பாக்கெட்டைப் படிப்பதற்குள் அதே பாக்கெட் இன்னும் காத்திருப்பதைக் கண்டு இன்னொரு நிரலை எழுப்பும், பிறகு இன்னொன்றை. ஒரு கணினி பூட் ஆகக் கேட்டதற்கு நிரல்கள் வரிசையாக முளைத்தன.

அதைத் திருத்திய பிறகு வேறொரு புதிர் வந்தது. பூட் கோப்புகளின் அடைவை மாற்றி, எக்ஸ்ஐநெட்டிக்கு ரீலோடும் கொடுத்தோம். கணினிகளுக்குப் பழைய கோப்புகளே போய்க்கொண்டிருந்தன. லினக்ஸில் பரவலாக உள்ள ஹெச்பிஏ டிஎஃப்டிபி டீமன், வேலை முடிந்ததும் உடனே போய்விடாது. அடுத்த கோரிக்கைக்காக 900 விநாடி, அதாவது கால் மணி நேரம், சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதுவரை பழைய ஆர்க்யுமென்ட்கள்தான் (தொடங்கும்போது நிரலுக்குக் கொடுத்த விவரங்கள்) நடப்பில் இருக்கும். அந்த ப்ராசஸை நிறுத்தியதும் சரியாயிற்று.

ஐநெட்டியிலிருந்து எக்ஸ்ஐநெட்டிக்கு வரிகளை மாற்றுவோர் கவனிக்க: ஐநெட்டியில் ஆர்க்யுமென்ட் பட்டியல் நிரலின் பெயரிலிருந்தே தொடங்கும், எக்ஸ்ஐநெட்டியின் 'சர்வர் ஆர்க்ஸ்' பகுதியில் அந்தப் பெயரை எழுதக் கூடாது. எழுதினால் அதுவே முதல் ஆர்க்யுமென்ட்டாகப் போய்விடும்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து:

இது பழங்கதை என்று நினைக்கும் இளையவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். உபுன்டு லினக்ஸ் 22.10 முதல், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் டீமனும் இயல்பாகவே சாக்கெட் வழியாகத்தான் எழுகிறது. எங்கள் குழுவில் ஒருவர் எஸ்எஸ்ஹெச்டி கன்ஃபிக் கோப்பில் போர்ட்டை 2222 ஆக்கி, சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்தார். சர்வர் 22-லேயே காத்திருந்தது. அந்தப் பதிப்பில் போர்ட்டைப் பிடித்திருப்பது சிஸ்டம்டி என்பதால், மாற்ற வேண்டிய இடம் சாக்கெட் யூனிட். அங்கும், காத்திருக்கும் போர்ட்டைச் சொல்லும் 'லிசன்ஸ்ட்ரீம்' ஒரு பட்டியல் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்: முதலில் மதிப்பு எதுவும் இல்லாத ஒரு 'லிசன்ஸ்ட்ரீம்' வரியை எழுதிப் பழையதை அழித்துவிட்டு, அதன்கீழ் புதிய போர்ட்டை எழுதாவிட்டால் 22, 2222 இரண்டுமே திறந்திருக்கும். 24.04-இல் கன்ஃபிக் கோப்பின் போர்ட்டையே படித்துச் சாக்கெட்டுக்குக் கொடுக்கும் ஜெனரேட்டர் இருக்கிறது. ஆனால் டீமன் ரீலோட் கொடுத்து, சர்வீஸை அல்ல, சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். தொலைவிலுள்ள சர்வரில் இதைச் செய்பவர்கள், புதிய போர்ட்டில் இன்னொரு டெர்மினலிலிருந்து நுழைந்து பார்க்கும் வரை பழைய அமர்வை மூடாதீர்கள்.