மறு: லோயஸ் – 'காற்றடி வண்டல்' சரிதானா? கூடவே 'புழுதிவரத்து'

குழுவினருக்கு வணக்கம்.

லோயஸ் (loess: காற்று அள்ளிவந்த நுண்புழுதி படிந்து உருவான நிலம்) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்தேன். தொல்காலநிலை பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கான தமிழ்க் கையேடு ஒன்றை இங்கே சென்னையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தச் சொற்கள் எனக்கு உடனே தேவை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பள்ளிப் பாடநூலில் 'காற்றடி வண்டல்' என்று இருக்கிறதே, அதை ஏன் மாற்ற வேண்டும்?

பழகிய சொல்லை மாற்ற எனக்கும் தயக்கம்தான். ஆனால் வண்டல் என்றதும் நம் மனத்தில் ஆறு வந்துவிடுகிறது. வெள்ளம் வடிந்த வயல், காவிரிப் படுகை, ஏரியில் தூர்வாரிய மண். முன்னால் 'காற்றடி' என்று சேர்த்தாலும் தண்ணீர் போகமாட்டேன் என்கிறது.

லோயஸைப் பொறுத்தவரை இது சின்ன விஷயம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இதைப் பற்றி நடந்த பெரிய விவாதமே, கொண்டுவந்தது தண்ணீரா காற்றா என்பதுதான். ஐரோப்பாவின் ரைன் ஆற்றுப் பகுதி லோயஸை ஆற்று வண்டல் என்றே பிரிட்டிஷ் நிலவியலாளர் சார்லஸ் லயல் கருதினார். சீன லோயஸை ஏரிப் படிவு என்று சொன்னவர்களும் உண்டு. 1877இல் ஜெர்மன் நிலவியலாளர் ரிக்தோஃபன், சீனாவில் தான் கண்டதை வைத்து, இது காற்று கொண்டுவந்தது என்றார். காரணங்கள் இவை: மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே போர்வையாக மூடிக் கிடக்கிறது, உள்ளே இருப்பவை நிலத்து நத்தைகளின் ஓடுகள், நீர்ப்படிவில் தெரிகிற மெல்லிய அடுக்குகள் இல்லை. தள்ளுபடியான கருத்தைச் சொல்லுக்குள் வைத்துக்கொண்டு, புதிய கருத்தை மாணவருக்கு எப்படி விளக்குவது?

> 'தேரி' நம் மண்ணின் சொல். லோயஸுக்கு அதையே வைக்கலாம்.

தூத்துக்குடி, திருநெல்வேலித் தேரிக்காடுகள், அதாவது அங்குள்ள செம்மணல் மேடுகள், காற்று குவித்தவைதான், பழங்காலக் காலநிலை பற்றிச் சொல்பவையும்தான். ஆனால் அது மணல். மணலும் புழுதியும் காற்றில் ஒரே மாதிரி பயணம் செய்வதில்லை. காற்று பலமாக வீசும் நாளில் மெரினாவில் நடந்து பாருங்கள். மணல் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் சுருக்கென்று குத்தும், முகம் வரை பெரும்பாலும் வராது. மணற்பரல் துள்ளித் துள்ளித் தரையை ஒட்டியே நகரும். அதே நேரம் மெட்ரோ வேலை நடக்கும் ஆற்காடு சாலையில், மூன்றாம் மாடி ஜன்னல் கிரில்லில் விரலை வைத்தால் அப்பிக்கொள்வது வேறு சரக்கு: மாவு போன்றது, மேலே எழும்பினால் சீக்கிரம் இறங்காதது. லோயஸ் இந்த இரண்டாவது வகை. அதன் துகள்கள் பெரும்பாலும் 0.01 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை. மணலோ ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. தேரியைத் தேரியாகவே விட்டுவிடுவோம், அது தனிக் கலைச்சொல்லாக நிற்கத் தகுதியுள்ளது.

'தூசி' பற்றி: வீட்டு ஒட்டடை, துணி இழை, மகரந்தம் எல்லாவற்றுக்கும் அதைச் சொல்கிறோம். மண் என்ற பொருள் அதில் கட்டாயம் இல்லை. வேண்டாம்.

> என் ஓட்டு 'வளிப்புழுதி'க்கு.

எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் வளி என்பது நாம் சுவாசிப்பது, வீசினால் அது காற்று. நம் குழுவில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள். இருபக்கமும் ஒரே பொருளில் புரிவது 'காற்றுப்புழுதி'. பறந்துகொண்டிருப்பது காற்றுப்புழுதி, அது இறங்கித் தங்கி உருவான நிலம் புழுதிப்படிவு. லோயஸுக்கு என் பரிந்துரை இந்தப் புழுதிப்படிவுதான்.

புழுதி என்றால் உழுது காய்ந்த மண் அல்லவா, புழுதி விதைப்பு என்கிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மை. குறளில் வரும் தொடிப்புழுதியும் உழுத மண்தான். அது தடை என்று நான் நினைக்கவில்லை. காய்ந்த, உதிரியான, பயிருக்கு ஏற்ற மண் என்ற சாயல் லோயஸுக்கும் பொருந்துகிறது. வட சீனாவின் பழைய தினை வேளாண்மை அந்த மண்ணில்தான் வளர்ந்தது. நம் நாட்டில் காஷ்மீரின் கரேவா மேட்டுநிலங்களின் மேற்பரப்பிலும் இந்தப் படிவு இருக்கிறது.

அங்கே சீனாவில் மண்சுவரை வெட்டிப் பார்த்தால் வெளிர்மஞ்சள் பட்டையும் செம்பழுப்புப் பட்டையும் மாறி மாறி வரும். குளிர்ந்து வறண்ட காலங்களில் குளிர்காலப் பருவக்காற்று வடமேற்குப் பாலைகளிலிருந்து புழுதியை வாரிக் கொட்டியது, அது மஞ்சள். வெப்பமான காலங்களில் கோடைப் பருவமழை வலுத்தது, புழுதி குறைந்தது, மேற்பரப்பு மண்ணாகப் பக்குவப்பட்டது, அது சிவப்பு. அந்தச் சிவப்புப் பட்டைகளில் நுண்ணிய காந்தத் துகள்கள் கூடுதலாக உருவாகியிருப்பதால், சுவர் நெடுக மண்ணின் காந்த ஏற்புத்திறனை (காந்தப்புலத்தில் அது எவ்வளவு காந்தமாகிறது என்பதை) அளந்தே பழைய மழையின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறார்கள். இப்படி ஏறத்தாழ 26 லட்சம் ஆண்டுகள். சிவப்புப் பட்டைக்குத் 'தொல்மண்' போதும். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம், நான் உண்மையில் எழுத வந்தது அடுத்த சொல்லுக்காக. ஒரு சதுர மீட்டரில் ஓர் ஆண்டில் எவ்வளவு புழுதி வந்து விழுகிறது என்பதைக் குறிக்கும் 'டஸ்ட் ஃப்ளக்ஸ்'. 'புழுதிப் பாயம்', 'புழுதி அளவு' இரண்டும் வந்திருக்கின்றன. பாயம் இயற்பியல்காரர்களுக்கு மட்டுமே புரியும். அளவு என்பது தவறான திசையில் கொண்டுபோகும். அண்டார்டிகாவின் டோம் சி என்ற இடத்தில் துளைத்தெடுத்த பனிக்கட்டி 8 லட்சம் ஆண்டுப் பதிவு. பனியுகங்களில் அங்கே பனிப்பொழிவே இன்றைக்குச் சுமார் பாதிதான். அப்படியென்றால், புழுதி கூடாமலே ஒரு கிலோ பனிக்கட்டியில் அதன் பங்கு இரட்டிப்பாகத் தெரியும். செறிவு வேறு, வந்து சேர்ந்தது வேறு. இந்தக் கணக்கைச் சரிசெய்த பிறகும், கடும்பனிக் காலங்களில் வந்து விழுந்த புழுதி வெப்பக் காலங்களைப் போல ஏறத்தாழ 25 மடங்கு. பெரும்பகுதி தென் அமெரிக்காவின் படகோனியாவிலிருந்து போனது.

நம்மிடம் 'நீர்வரத்து' இருக்கிறதே! மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இத்தனை கன அடி என்று பேப்பர் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். அணையில் இருப்பு வேறு, வரத்து வேறு என்பதையும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'புழுதிவரத்து' என்று வைத்துவிட்டால் பாதிப் பாடம் சொல்லிலேயே முடிந்துவிடும். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

"ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன், பசுமையாக இருந்த சஹாரா வறண்டபோது, மொரித்தானியாவை ஒட்டிய அட்லாண்டிக் கடலடியில் புழுதிவரத்து சட்டென உயர்ந்தது."

இடறாமல் ஓடுகிறது, இல்லையா?

பழைய காலநிலையைக் காட்டித்தரும் புழுதிக்குச் 'சான்றுப்புழுதி' என்ற பரிந்துரையை மட்டும் நான் ஏற்கவில்லை. புழுதி வெறும் சாட்சி இல்லை. குளிர்ந்த உலகில் செடிகொடி குறையும், கடல்மட்டம் இறங்கிக் கடலடி வெளியே தெரியும், புழுதியைக் கழுவி இறக்கும் மழையும் குறையும், அதனால் புழுதி கூடும். அந்தப் புழுதி தன் பங்குக்குச் சூரிய ஒளியை மறிக்கிறது. அதிலுள்ள இரும்பு தென்பெருங்கடலின் நுண்பாசிகளுக்கு உரமாகி, கடல் கூடுதலாகக் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டது என்பது அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் முன்வைத்த கருதுகோள். காலநிலையால் புழுதி, புழுதியால் காலநிலை. சான்று என்று முத்திரை குத்தினால் இரண்டாம் பாதி மறைந்துவிடும்.

இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட பருமன் வகையான 'சில்ட்' என்பதற்கும் நாம் வண்டல் என்றே எழுதுகிறோம். பாடநூலில் அந்தச் சொல் வந்ததே இதனால்தானோ என்று தோன்றுகிறது. பருமனுக்கு ஒரு சொல், ஆற்றுப் படிவுக்கு ஒரு சொல் என்று பிரித்தே ஆக வேண்டும். 'பொடிமண்' என்று யோசித்தேன், முழுத் திருப்தி இல்லை. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் குழுவில் இருக்கிறீர்கள். மணல், சில்ட், களி என்று அறிக்கையில் சதவீதம் போடும்போது நடுவில் உள்ளதை விவசாயிகளிடம் எப்படிச் சொல்லி விளக்குகிறீர்கள்? அந்தச் சொல்லை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து