எடை மிகுந்தவருக்கு நீடித்து உழைக்கும் சாலை மிதிவண்டி டயர் எது?

கேள்வி:
என் எடை 112 கிலோ. 25 மி.மீ. டயர் பொருத்திய சாலை மிதிவண்டியில் நாள்தோறும் வேலைக்குச் சென்று வருகிறேன். பின்சக்கரம் மட்டும் அடிக்கடி பஞ்சராகிறது. ட்யூபைக் கழற்றிப் பார்த்தால் அருகருகே இரண்டு சிறு வெட்டுகள் இருக்கின்றன. டயரில் முள்ளோ கண்ணாடியோ இல்லை. இன்னும் தடித்த டயர்தான் வழியா?

பதில் 1:
அந்த இரட்டை வெட்டைப் பாம்புக்கடி என்பார்கள். காற்று போதாத டயர் குழியின் விளிம்பில் மோதி நசுங்கும்போது, ட்யூப் டயருக்கும் ரிம்முக்கும் இடையே சிக்கிக் கிழிவதால் அது உண்டாகிறது. பின்சக்கரம்தான் எடையில் பெரும்பங்கைச் சுமக்கிறது. ஆகவே தடிமனைவிட அகலமே உங்களுக்கு முதல் தேவை. ஃபிரேமும் பிரேக்கும் இடம் கொடுத்தால் 32, இல்லையேல் 28 மி.மீ. போடுங்கள், உள்ளே காற்றின் அளவு கூடுவதால், குறைந்த அழுத்தத்திலும் உங்கள் எடையைத் தாங்கும்.

பதில் 2:
அகலத்தை நானும் வழிமொழிகிறேன். பக்கச்சுவர் உறுதிக்குக் காண்டினென்டல் கேட்டர்ஸ்கின் நல்ல தேர்வு. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ்ஸில் 5 மி.மீ. தடிப்புள்ள பாதுகாப்பு அடுக்கு உண்டு. ஆனால் உருட்டுவதற்குக் கனமானது, உங்கள் சிக்கலுக்கு அது அவசியமில்லை என்றே கருதுகிறேன். எதை வாங்கினாலும் ட்யூபில் காற்று மெல்லக் கசியும் என்பதால், வாரம் ஒருமுறையாவது அழுத்தமானி வைத்துப் பாருங்கள். விரலால் அழுத்திப் பார்ப்பது ஏமாற்றிவிடும். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்ட உச்ச வரம்புகளில் குறைந்ததை மீறாதீர்கள்.

கேட்டவர்:
அளந்து பார்த்தேன், பின்பிரேக்கின் கீழே 28 மட்டுமே நுழையும். அதையே வாங்குகிறேன். மிக்க நன்றி.