நூதனசாலையில் பயிலுநராகச் சேர என்ன ஆயத்தம் வேண்டும்?

ஹட்டன்_தூரிகை: நுண்கலை இறுதி ஆண்டு. கண்டி, ஹந்தானைப் பக்கம் நூதனசாலை ஒன்றில் பயிலுநராகச் சேர விருப்பம். சீவியும் என் ஓவியப் படங்களும் அனுப்பினால் காணுமா?

பதிவேடு: காணாது தங்கச்சி. ஓவியம் வரைவீங்க என்பதைவிடப் பொருளைக் கையாளத் தெரியுமா என்றுதான் பார்ப்பாங்க. வீட்டிலுள்ள பழைய பித்தளைச் செம்புக்கு நிலை அறிக்கை ஒன்று எழுதி இணையுங்க: உயரம், விட்டம் மில்லிமீட்டரில், நசிவு எந்தப் பக்கம், களிம்பு எவ்வளவு, முன்னும் பின்னும் படம், பக்கத்தில் அளவுகோல். "நல்ல நிலையில் உள்ளது" என்று மட்டும் எழுதினா அது அறிக்கையே இல்லை. துறைத் தலைவரின் கடிதமும் வேணும்.

பொருளுக்குப் பதிவு இலக்கமிடுதலும் கேட்பாங்க. உலோகம், மட்பாண்டத்தில் நேரடியாக எழுதக் கூடாது. அசிட்டோனில் கரைத்த பரலொய்ட் பி-72 (நிறமற்ற அக்ரிலிக் பிசின்) ஒரு பூச்சு, காய்ந்ததும் இலக்கம், மேலே இன்னொரு பூச்சு. தேவைப்பட்டா அசிட்டோனாலேயே எடுக்கலாம். கடதாசிக்கு மென்பென்சில், துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதித் தைக்கணும். செலோடேப் தொடவே வேண்டாம். பசை மஞ்சளாகி ஊறிவிடும்.

மலைக்காற்று: நம்ம பக்கம் மழைக்காலத்தில் பூஞ்சணம்தான் பெரிய தலையிடி. காற்றின் சார் ஈரப்பதன் (relative humidity) 65 சதவீதம் தாண்டினா கடதாசியில் பிடிக்கும். ஈரத்துணியால் துடைச்சா கறை உள்ளே இறங்கும். முதல்ல தனியாக்கி உலர விட்டு, பிறகு முகமூடியோட மென்தூரிகை.

வர்த்தமானி_வாசகர்: நிரந்தர அரச வேலைக்கு வழி வேற. தேசிய நூதனசாலைகள் திணைக்கள வெற்றிடங்களுக்கு வர்த்தமானியைப் பாருங்க. சிங்களத்தில் வாசிக்கப் பழகுங்க, பழைய பதிவேடுகளுக்கு உதவும்.